துண்டு துவைத்த மோட்டார்

என் அக்காவின் வாஷிங் மெஷினில் இருந்த மோட்டார் இப்போது காரைக்காலில் ஒரு வீட்டு மாடியில் இசைத்தட்டு வெட்டிக்கொண்டிருக்கிறது. நன்றாகவே வெட்டுகிறது. அதை யாரிடமாவது சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அங்கேயும் அது ஓடாமல் போயிருந்தால் இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

எட்டாவது பாதியில் நின்றவன் நான். அதற்குப் பிறகு ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. திருப்பூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, கோவாவில் ஓட்டல், மங்களூரில் ஐஸ் கம்பெனி, கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை அள்ளும் வேலை. சாப்பிட்ட நாளும் உண்டு, தண்ணீர் குடித்துப் படுத்த நாளும் உண்டு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் எதுவும் இல்லாமல் போகும்போதெல்லாம் காரைக்காலில் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அவள் கேட்டதில்லை. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள்.

கரி அள்ளும் வேலை நின்றிருந்த சமயத்தில்தான் முசே வீட்டுக்குப் போனேன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா என்பது போல. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் எல்லோரும் மகனையும் அப்படியே கூப்பிட்டார்கள். அவர் பிறந்தது இங்கே, வளர்ந்ததும் வேலை பார்த்ததும் பிரான்சில். ஐம்பது வயதை ஒட்டித் திரும்பி வந்திருந்தார். தண்ணீர் ஏற்றும் மோட்டார் இரைகிறது என்று என்னைக் கூப்பிட்டார். அதைச் சரி செய்துவிட்டுக் கை கழுவ மாடிக்குப் போனபோது அந்த இயந்திரத்தைப் பார்த்தேன்.

ஒரு கனமான மேசை. அதன்மேல் சுற்றும் ஒரு தட்டு. தட்டின்மேல் ஒன்றும் பதியாத பிளாஸ்டிக் வட்டு. வட்டுக்கு மேலே ஒரு சின்னப் பாலம் மாதிரி இரும்பு, அதிலிருந்து தொங்கும் ஒரு ஊசி. பாட்டோ பேச்சோ கம்பி வழியாக ஊசிக்கு வரும். ஊசி அதற்குத் தக்கபடி நடுங்கிக்கொண்டே வட்டைக் கீறிக்கொண்டு போகும். கீறிய பிளாஸ்டிக், வாரிய தலைமுடி போல இழை இழையாக வரும். அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் கையில் இருப்பது ஒரே ஒரு இசைத்தட்டு. பிரான்சில் இருப்பவர்கள் பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் இப்படி ஒற்றைத் தட்டு கேட்கிறார்கள், அதை வெட்டி அனுப்புவதுதான் அவர் பிழைப்பு.

பிழைப்புதான் நடக்கவில்லை. அங்கிருந்து வரும்போது ஊசியையும் பாலத்தையும் கொண்டுவந்துவிட்டார். தட்டைச் சுற்றும் மோட்டார் கனம் அதிகம் என்று விற்றுவிட்டு வந்திருந்தார். இங்கே பழைய ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஒரு பெல்ட் மோட்டாரை எடுத்து மாட்டியிருந்தார். தட்டைக் கேட்பதற்கு அது போதும். வெட்டுவதற்குப் போதாது. ஊசி வட்டை உழும்போது வட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். மோட்டாருக்கு வலு இல்லையென்றால் ஒவ்வொரு உழவுக்கும் கொஞ்சம் தளர்ந்து பிறகு நிமிரும். அந்தத் தளர்ச்சி அப்படியே குரலில் பதிந்துவிடும்.

எனக்கு அவர் போட்டுக் காட்டியது எங்கள் மீன்பிடித் துறைமுகத்து ஏலம். இங்கிருந்து பிரான்சுக்குப் போய்விட்ட ஒருவர் அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார். முசே விடியற்காலையில் போய்ப் பதிந்து வந்திருக்கிறார். ஏலம் விடுகிறவருடைய குரல் எனக்குத் தெரியும். காற்றடித்தாலும் கிழித்துக்கொண்டு போகும் குரல். தட்டில் அது ஒவ்வொரு கத்தலுக்கும் இழுபட்டுச் சரிந்தது.

"குடிச்சிட்டு ஏலம் விடுற மாதிரி இருக்குங்க முசே."

"அவரு குடிக்கல. மோட்டார்தான் குடிச்சிருக்கு," என்றார். "பெல்ட்டே இருக்கக் கூடாது. மோட்டார் மேலயே தட்டு உக்காரணும். மெதுவா சுத்தணும், ஆனா யாரு புடிச்சாலும் நிக்கக் கூடாது. அங்க அதுக்குன்னே மோட்டார் உண்டு. இங்க வரவழைச்சா கப்பல் வாடகைக்கே நான் வித்துப்போயிடுவேன்."

"வாஷிங் மெஷின்ல இப்ப பெல்ட் இல்லாததும் வருதே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அங்கேயும் சிலர் அதை வைத்துத்தான் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாராம். உடனே கடைக்குப் போன் போட்டார். தனி மோட்டார் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஏலத் தட்டைக் கேட்டவரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா கிட்ட ஒண்ணு இருக்குங்க," என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஒரு பொருளைப் பார்த்தால் அதைப் பிரித்து இன்னொன்றில் மாட்டிப் பார்க்கத் தோன்றும் புத்தி எனக்கு. அந்தப் பொருள் யாருடையது என்பது பிறகுதான் ஞாபகம் வரும்.

அக்காவுக்கு அந்த மெஷின் துணி துவைக்க மட்டும் இல்லை. கடற்கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்றவள் அவள். ஐஸிலும் தண்ணீரிலும் இருந்து இருந்து வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. ஆஸ்பத்திரியில், இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, ஈரத் துணி பிழியவே கூடாது என்றார்கள். கூடையை விட்டாள். மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், போனால் திரும்ப நாளாகும். தவணையில் இந்த மெஷினை வாங்கிப்போட்டு, திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜின் துண்டுகளைத் துவைக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமைதான் அங்கே கூட்டம். வியாழக்கிழமை மூட்டை வரும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடித்த துண்டு போய்ச் சேர வேண்டும். துவைப்பதைவிட அவளுக்கு முக்கியம், மெஷின் அதுவே பிழிந்து கொடுப்பது.

எல்லாம் தெரிந்துதான் போய்க் கேட்டேன்.

"அக்கா, மெஷின்ல இருக்குற மோட்டாரை மட்டும் குடேன்."

"மோட்டாரைக் குடுத்துட்டு மிச்சத்துல என்ன செய்ய? அரிசி கொட்டி வைக்கவா?"

"நாலு நாள்தான். ஏலத்தைத் தட்டுல ஏத்தணும்."

"ஏலந்தான் தெனமும் கடக்கரையில நடக்குதே. அதைத் தட்டுல வச்சு யாருடா திங்கப்போறா?"

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தது கேட்டது. நான் விளக்கிச் சொன்னேன். அக்காவுக்குப் புரிந்ததோ இல்லையோ, நான் ஒரு வேலையைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை துண்டு போவணும். தெரியும்ல?"

"புதன்கிழமையே மாட்டிடுறேன்கா."

"மாட்டிடுவியா?"

"மாட்டிடுவேன்."

"அப்ப கழட்டிக்க. தண்ணிய வடிச்சிட்டுக் கழட்டு, வீடெல்லாம் ஈரமாக்காத."

அவ்வளவுதான். அவள் கொஞ்சம் தகராறு செய்திருந்தால் நான் கொஞ்சம் கவனமாக இருந்திருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன். அப்படி யோசிப்பதும் பழியை அவள்மேல் தள்ளுவதுதான்.

கழற்றியதை முசே வீட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். மோட்டார் இரண்டு பாகம். ஒன்று அடிபிடிக்காத பெரிய வாணலி போல, உள்விளிம்பு முழுக்கக் காந்தம் பதித்தது. அதுதான் சுற்றும். இன்னொன்று அதற்குள் உட்காரும் வளையம், சுற்றிலும் பல் பல்லாகக் காயில் சுற்றியது. சேர்த்து வைத்துக் கையால் திருப்பினால் ஒவ்வொரு பல்லுக்கும் இழுத்து இழுத்து விடும். அந்த இழுப்பைக் கையில் உணர்ந்தபோதே இது ஊசிக்கு அசராது என்று தெரிந்துவிட்டது. மேலே கனமான தட்டை வைத்தால் அந்தத் தடக்தடக்கும் அடங்கிவிடும் என்று முசே சொன்னார்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியை எடுக்க அவர் கீழே போனார். அது பேட்டரி வண்டிக்குப் போடுவது போன்ற சின்னப் பெட்டி, குறைந்த வோல்ட்டில் ஓடுவது. வாஷிங் மெஷின் மோட்டாரோ வீட்டுக் கரண்டுக்குக் கட்டியது. ஆகவே காயில்களைப் பிரித்துக் குழு குழுவாக, ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கவாட்டில் சேர்த்தால்தான் இந்தப் பெட்டிக்கு ஒத்துவரும் என்று நான் முடிவு செய்தேன். திருப்பூர்க் கடையில் எனக்குப் பழகிய வேலை அது. அங்கே வரும் மோட்டார் எல்லாம் கருகி வரும். மேசையில் வைத்ததும் முதல் வேலை, கட்டரை எடுத்து இணைப்புகளை வெட்டுவது. செத்ததை வெட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நன்றாக ஓடும் மோட்டாரை நான் மேசையில் வைத்தது அதுதான் முதல் தடவை. கை அதன் பழக்கத்துக்குக் கட்டரை எடுத்தது. முசே மேலே வருவதற்குள் இணைப்புகள் எல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தன.

வெட்டிய முனையைச் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறம் மேல்பூச்சு மட்டும். உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியம். செம்புக் கம்பியைத் திரும்பப் பத்தவைத்துவிடலாம். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. முறுக்கி, குழல் போட்டு நசுக்கித்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தது பழைய இணைப்பு ஆகாது.

முசே பெட்டியோடு வந்து நின்றார்.

"ஏன் வெட்டுனீங்க?"

"வோல்ட்டு பத்தாதேங்க."

"ஒரு நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்துதாங்க நமக்கு வேணும். துணி பிழியுற வேகம் இல்லையே. அவ்ளோ மெதுவா சுத்த இந்தப் பெட்டியே போதும். அப்படியே மாட்டியிருக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பரவால்ல," என்றார்.

அவர் சொன்னது சரி. வேகமாகச் சுற்றத்தான் அதிக வோல்ட் வேண்டும். மெதுவாகச் சுற்ற அது தேவையில்லை. கடையில் எத்தனையோ மோட்டார் கட்டியவன், நிதானமாக யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. அந்தச் சேதம் யாருக்கும் எதற்கும் தேவைப்படாத சேதம்.

பழையபடியே கம்பிகளை வரிசையாகச் சேர்த்து, குழல் போட்டு நசுக்கி, தட்டை ஏற்றினோம். சுற்றியது. விரலை விளிம்பில் வைத்து அழுத்தினேன். விரல்தான் சுட்டது, வேகம் குறையவில்லை. ஊசியை இறக்கினார். இழை வர ஆரம்பித்தது. ஏலக் குரல் கத்திக் கத்தி ஏறியது, எங்கேயும் சரியவில்லை. வெட்டி முடித்துப் போட்டுக் கேட்டபோது அந்த மனிதர் அறைக்குள்ளேயே நின்று கத்துவது போல இருந்தது. முசே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அக்காவின் துண்டு எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் வந்தது படி இறங்கும்போது.

புதன்கிழமை சொன்னபடி மோட்டாரை மாட்டினேன். இணைப்பில் கைவைத்ததை அக்காவிடம் சொல்லவில்லை. தாங்கும் என்று நினைத்தேன். தாங்காவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கவில்லை. வியாழக்கிழமை மூட்டை வந்தது. மெஷின் மெதுவாக இப்படியும் அப்படியும் புரட்டித் துவைத்தது. அக்கா அதன் மூடியைத் தட்டி, "ஏலம் விட்டுட்டு வந்துட்டியாடி?" என்று கேட்டாள். பிறகு பிழியும் சுற்றுக்கு வேகம் எடுத்தது. நான் நசுக்கிய இணைப்புகள் சூடேறிவிட்டன. காயில்மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை எனக்கு மூக்குக்குள்ளேயே குடியிருப்பது. நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

உள்ளே தண்ணீர் சொட்டும் துண்டுகள் நிரம்பிக் கிடந்தன. வெளியே ஐப்பசி மழை.

"என்னடா ஆச்சு?" என்றாள். சொன்னேன். வெட்டியதையும், அது தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"சரி, அந்த முனையப் புடி."

"நீ பிழியாதக்கா. நான் பாத்துக்குறேன்."

"ஒத்த ஆளா எப்படிடா பிழியுவ? புடிங்கிறேன்ல."

ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவள் முறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் முனையை மணிக்கட்டில் பிடிக்க முடியாமல் முழங்கையில் சுற்றிக்கொண்டு முறுக்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து கைகொடுத்தது. மூட்டை தீரவில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டி விசிறியைப் போட்டோம். ஐப்பசியில் கடற்கரை வீட்டில் விசிறிக் காற்றுக்கு என்ன காயும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் துண்டுகள் மடிப்புக்குள் ஈரத்தோடும் ஒரு மக்கல் வாடையோடும் போயின. லாட்ஜில் வேறு துண்டு இல்லை, அனுப்பாமல் இருக்கவும் முடியாது.

வேறு ஊர் லாட்ஜாக இருந்தால் ஈரத் துண்டுக்கு ஒரு திட்டோடு போயிருக்கும். திருநள்ளாற்றில் அப்படி இல்லை. வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். துணியோடு சனியும் போய்விடும் என்று நம்பிக்கை. விட்ட துணியை யாரும் தொட மாட்டார்கள். அப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் உடம்பில் அடுத்ததாகப் படுவது லாட்ஜ் துண்டு. அது காய்ந்து, சோப்பு வாசனையோடு இருக்க வேண்டும். ஈரமாக, வாடையோடு இருந்தால் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும்.

சேலத்துப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் தோன்றியது. இது குளத்தில் எடுத்த துணிதானே, எவன் சனியை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் திரும்பவும் குளத்துக்குப் போய் முழுகிவிட்டு வந்தாராம். சத்தம் கேட்டு மற்ற அறைக்காரர்களும் துண்டைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை மூட்டை வரவில்லை.

முசே நல்ல மனிதர். விஷயம் கேட்டதும் அக்கா மெஷினுக்குப் புது மோட்டாருக்குச் சொல்லி, வந்ததும் கொண்டுவந்து கொடுத்தார். பழையதை அவரே வைத்துக்கொண்டார். துணி பிழிய முடியாத அந்த மோட்டாருக்கு மெதுவாகத் தட்டைச் சுற்ற எந்தக் குறையும் இல்லை. அந்தக் குறைந்த கரண்டுக்கு என் இணைப்புகள் சூடாவதே இல்லை. புது மோட்டாரை நான் மாட்டினேன். மெஷின் ஓடியது. துவைக்கத்தான் ஒன்றும் இல்லை. அக்கா மணிக்கட்டில் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு, வெறும் மெஷினை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

நான் திருநள்ளாற்றுக்குப் பஸ் ஏறினேன். லாட்ஜ் மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். தப்பு என்னுடையது, அக்கா மேல் ஒன்றுமில்லை என்றேன். மோட்டார், ஏலம், தட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் நம்புறேம்பா. உங்கக்கா குளத்துத் துணியத் தொடுற ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா வர்றவங்க நம்பணுமே. அன்னைக்கு சத்தம் போட்டது இந்தத் தெரு முழுக்கக் கேட்டுச்சு."

"தலகாணி உறையாவது குடுங்க சார்."

"அது தலையில படும்பா."

"பெட்ஷீட்டு?"

"உடம்பு பூரா படும்." அவர் சுற்றிலும் பார்த்தார். வாசலில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "மிதியடி வேணா எடுத்துக்கிட்டுப் போ. அதை யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

துணி மிதியடிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து அக்கா முன்னால் வைத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தூக்கித் தெருவில் எறிந்திருந்தாலும் சரிதான். அவள் மூட்டையைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"காலுல பட்டா மட்டும் சனி ஒட்டாதாமா?"

"அப்படித்தான் சொல்றாரு."

"நல்ல சனிடா. நமக்குக் காலுக்குக் கீழயாவது எடம் விட்டு வச்சிருக்கு," என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டி இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்போடே, "மண்ணோட போட்டா மெஷினு கெட்டுப்போயிடும். தட்டி அலசிட்டுதான் போடணும்," என்றாள்.

அன்றிலிருந்து மண் தட்டுவது நான். அலசுவதும் நான். மெஷினில் போடுவது மட்டும் அவள். துண்டு துவைத்த காலத்தில் மடிக்கும்போது ஒவ்வொன்றையும் முகத்தருகே கொண்டுபோய் வாசனை பார்ப்பாள். மிதியடியை அப்படிப் பார்ப்பதில்லை, அடுக்கிக் கட்டிவிடுகிறாள். துண்டு இப்போது வேறொரு வீட்டுக்குப் போகிறது. மேனேஜர் எப்போதாவது மனம் மாறுவார் என்று நானும் மிதியடி எடுக்கப் போகும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுகிறார்.

போன மாதம் மங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய ஐஸ் கம்பெனி. வா, ஆள் இல்லை என்றார்கள். முன்பெல்லாம் இப்படிக் கூப்பிட்டால் பையைத் தேடுவேன். அக்காவிடம் சொன்னேன். போயிட்டு வா என்றாள், போகாதே என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, "போறதுக்கு முன்னாடி வீட்டுல எதையாவது கழட்டணும்னா முன்கூட்டியே சொல்லிடுடா. அதுக்குள்ள தொவச்சி எடுத்துடுறேன்," என்றாள். கேலிதான். குரலில் கோபம் துளியும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன்.

மங்களூர்க்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை வியாழக்கிழமை, மிதியடி மூட்டை எடுக்கப் போக வேண்டும்.